தோன்றல், திரிதல், கெடுதல்: கரிம வேதியியலுக்கு ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் ஒரே பாடத்தை ஊருக்கு ஒரு பெயராகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தில்லியில் படிக்கும் பிள்ளை 'கார்பனிக் ரசாயன்' என்கிறது. கொல்கத்தாவில் அதுவே 'ஜைவ ரசாயன்'. மும்பையில் 'சேந்திரிய ரசாயன சாஸ்திரம்'. பெங்களூரில் 'சாவயவ ரசாயன சாஸ்திரம்'. இலங்கைத் தமிழ் மாணவர் 'சேதன இரசாயனம்' என்பர். தமிழ்நாட்டுப் பாடநூலோ 'கரிம வேதியியல்' என்கிறது. இப்பெயர்களைக் கூர்ந்து நோக்கினால் இரு கட்சிகளாகப் பிரியக் காணலாம். ஒரு கட்சி உயிரையும் உறுப்பையும் சுட்டுகிறது. மற்றொன்று கரியைச் சுட்டுகிறது. இவ்வேற்றுமைக்குள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அதனைச் சிறிது நேரத்தில் காண்போம்.

நான் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். வேதியியலைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். உரிமை இல்லை; தேவை இருந்தது. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஓரிரவு குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "அப்பா, நான் விஞ்ஞானப் பிரிவை விட்டுவிடுகிறேன். இதில் நூற்றுக்கணக்கான வினைகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பே தெரியவில்லை. மனப்பாடம் செய்வதும் மறப்பதுமாகவே இருக்கிறேன்" என்றாள். அதே வாரத்தில் என் மேசைக்கு மொழிபெயர்ப்புக்காக ஓர் எச்சரிக்கைக் குறிப்பு வந்தது. அதில் நான் எழுதிய ஒரு சொல் அப்படியே அச்சேறியிருந்தால், யாரோ ஒருவருடைய உயிருக்கே தீங்காய் முடிந்திருக்கக் கூடும். அக்கதையை இறுதியில் சொல்கிறேன். இவ்விரண்டின் பொருட்டே நானும் என் மகளோடு உட்கார்ந்து முதற்பாடத்திலிருந்து படிக்கலானேன்.

நான்கு கைகள்

கரிமம் என்றும் கார்பன் என்றும் சொல்லப்படும் தனிமம் நமக்குப் புதிதன்று. அடுப்புக்கரி அதுவே, பென்சிலின் எழுதும் பகுதியில் இருப்பதும் அதுவே, வைரமும் அதுவே. இத்தனிமத்தின் அணு ஒவ்வொன்றுக்கும் நான்கு கைகள் உண்டு என்று கருதிக்கொள்ளுங்கள். ஹைட்ரஜனுக்கு ஒரு கை, ஆக்சிஜனுக்கு இரண்டு, நைட்ரஜனுக்கு மூன்று. ஓரணு மற்றோரணுவோடு கைகோப்பதையே பிணைப்பு என்கிறோம்.

கைகோத்தல் என்பது உவமை. உண்மையில் நடப்பது பங்கீடு. இரண்டு அணுக்கள் தத்தம் எலக்ட்ரான் ஒவ்வொன்றை முன்வைத்து, அந்த இணையை இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த இரு வீடுகளுக்கு நடுவில் ஒரு பொதுச் சுவர் நிற்பதைப் போல, அந்த எலக்ட்ரான் இணை இரண்டையும் பிடித்து நிறுத்துகிறது. இதனைச் சகப்பிணைப்பு என்பர்.

கரிமத்தின் தனிச்சிறப்பு யாதெனில், அது தன்னினத்தோடு ஓயாமல் கைகோத்துக்கொண்டே போக வல்லது. நீண்ட சங்கிலியாகவும், கிளை விட்ட சங்கிலியாகவும், வளையமாகவும் அது அமையும். இரண்டு கரிம அணுக்கள் ஒரு கையால் பற்றினால் ஒற்றைப் பிணைப்பு. இரு கைகளால் பற்றினால் இரட்டைப் பிணைப்பு. மூன்று கைகளாலும் பற்றலாம். எஞ்சிய கைகளைப் பெரும்பாலும் ஹைட்ரஜன் நிரப்பும். ஒரு கரிமமும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் மீத்தேன். சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி எரிவது இதுவே. மூன்று, நான்கு கரிமங்கள் கொண்ட புரோப்பேனும் பியூட்டேனும் சமையல் எரிவாயு உருளையில் அடைபட்டிருக்கின்றன. ஏறத்தாழப் பத்து முதல் பதினாறு கரிமங்கள் கொண்ட சங்கிலிகள் மண்ணெண்ணெயில் உள்ளன. இன்னும் நீண்டால் மெழுகு. ஒரே சங்கிலி நீள நீள, வாயு திரவமாகித் திரவம் திடமாகிறது.

பகுதியும் விகுதியும்

இத்தகைய வெறும் சங்கிலிகள் பெரும்பாலும் சாதுவானவை. எரிவதன்றி அதிகம் வினைபுரியா. அவற்றின் ஓரிடத்தில் ஆக்சிஜனோ நைட்ரஜனோ வந்து அமர்ந்தால்தான் குணம் மாறுகிறது. அவ்வாறு குணத்தைத் தரும் அணுக்கூட்டத்தை வினைச் செயல் தொகுதி என்று பாடநூல் அழைக்கிறது.

தமிழ் இலக்கணம் கற்றவருக்கு இது எளிதில் விளங்கும். 'நட' என்னும் பகுதியோடு சேரும் விகுதியே, நடந்தவன் ஆணா, பெண்ணா, பலரா என்பதைக் காட்டுகிறது. அதுபோலவே கரிமச் சேர்மத்தின் பெயரிலும் பகுதி, விகுதி என இரண்டு உண்டு. 'மெத்' என்றால் ஒரு கரிமம், 'எத்' என்றால் இரண்டு, 'புரோப்' மூன்று, 'பியூட்' நான்கு. இவை பகுதிகள். ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த தொகுதி வந்தால் விகுதி 'ஆல்'. ஆகவே மெதனால், எதனால். ஆல்டிஹைடுக்கு விகுதி 'அல்'. ஆகவே மெதனல், எதனல். அமிலத் தொகுதி வந்தால் 'ஆயிக் அமிலம்'. ஆகவே மெதனாயிக் அமிலம், எதனாயிக் அமிலம். பெயரைப் பிரிக்கத் தெரிந்தால் பொருளின் உருவம் பாதி தெரிந்துவிடும். என் மகளுக்கு முதன்முதலில் முகம் மலர்ந்தது இவ்விடத்தில்தான்.

இன்னொன்று. எழுத்துகள் அவையே ஆயினும் வரிசை மாறினால் சொல் வேறாகும். 'கதவு' என்பதையும் 'தகவு' என்பதையும் பாருங்கள். எழுத்துகள் மூன்றும் ஒன்றே. ஒன்று வாயிலைக் காப்பது, மற்றொன்று மனிதனின் தகுதி. இரண்டு கரிமம், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஆகியவற்றை ஒரு விதமாகக் கோத்தால் எதனால். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். ஆக்சிஜனை இரு கரிமங்களுக்கும் நடுவில் வைத்துக் கோத்தால் டைமெதில் ஈதர். சுழிக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சாதாரண வெப்பநிலையில் அது வாயு. இவ்வாறு அணுக்கணக்கு ஒன்றாய், அமைப்பு வேறாய் உள்ளவற்றை மாற்றியங்கள் என்பர். அறியப்பட்ட கரிமச் சேர்மங்கள் கோடிக்கணக்கில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயிரிலிருந்து கரிக்கு

இனிப் பெயர்களின் வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சர்க்கரை, எண்ணெய், யூரியா போன்ற பொருள்களை உயிருள்ள உடலே ஆக்க வல்லது, அதற்கென ஓர் 'உயிர்ச் சக்தி' உண்டு என்று அறிஞர் பலர் நம்பினர். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பெர்சீலியசும் அக்கருத்துடையவரே. ஜைவம், சேதனம், சேந்திரியம் என்னும் பெயர்கள் அந்நம்பிக்கையின் எச்சங்கள்.

பெர்சீலியசிடம் பயின்ற ஃபிரெடரிக் வோலர் என்னும் ஜெர்மானியர், 1828ஆம் ஆண்டில் அம்மோனியம் சயனேட் என்னும் உப்பைச் சூடேற்றியபொழுது, அஃது யூரியாவாக மாறியிருக்கக் கண்டார். அந்த உப்பு கனிமப் பொருள். யூரியாவோ சிறுநீரில் உள்ளது. சிறுநீரகத்தின் துணையின்றியே யூரியாவை ஆக்கிவிட்டதாகத் தம் ஆசிரியருக்கு அவர் கடிதம் எழுதினார். பழைய நம்பிக்கை ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. ஆயினும், 1845இல் கோல்பே என்பார் அசெடிக் அமிலத்தைத் தனிமங்களிலிருந்தே படிப்படியாக ஆக்கிக் காட்டியது முதலான ஆய்வுகள் தொடரவே, அது தேய்ந்து மறைந்தது. உயிர் என்னும் சொல்லுக்குப் பதிலாகக் கரி என்னும் சொல் வந்தது. நாம் 'கரிம வேதியியல்' என்பதும் வடநாட்டார் 'கார்பனிக் ரசாயன்' என்பதும் இந்தப் புதிய அறிவின் பெயர்கள்.

மூன்று விகாரங்கள்

என் மகளை அச்சுறுத்திய வினைகளுக்கு இப்பொழுது வருவோம். அவளுடைய குறிப்பேட்டில் நூறு வினைகள் இருந்தன. ஆனால் அவற்றின் வகைகள் நூறல்ல. பாடநூல் கூறும் அடிப்படை வகைகள் சேர்க்கை, பதிலீடு, நீக்கம், இடமாற்றம் என நான்கே. இந்தி நூலில் இவற்றை யோகாத்மக், பிரதிஸ்தாபன், விலோபன், புனர்வின்யாஸ் என்று பிள்ளைகள் படிப்பர்.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. இரு சொற்கள் புணரும்பொழுது நேரும் விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம் அல்லவா? பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடி ஆகும்பொழுது ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பல்லும் பொடியும் பற்பொடி ஆகும்பொழுது ஓரெழுத்து மற்றோர் எழுத்தாகத் திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்பொழுது ஓரெழுத்துக் கெடுகிறது. சேர்க்கை வினை தோன்றலை ஒத்தது; பதிலீடு திரிதலை ஒத்தது; நீக்கம் கெடுதலை ஒத்தது. நான்காவதான இடமாற்றத்துக்கும் இலக்கணத்தில் இணை உண்டு. 'தசை' என்பது 'சதை' என நிலைமாறி வழங்குகிறதே, அதுதான்.

உவமைக்கு ஓர் எல்லை உண்டென்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பூங்கொடியில் மெல்லெழுத்து எங்கிருந்து வந்தது என்று இலக்கணம் கணக்குக் கேட்பதில்லை. வேதியியலில் ஓரணுவும் சூனியத்திலிருந்து தோன்றாது, சூனியத்துக்குள் மறையாது. வந்ததற்கு வரவும் போனதற்குச் செலவும் எழுதியே தீர வேண்டும்.

முதலில் சேர்க்கை. சமையல் எண்ணெயின் மூலக்கூறுகளில் சில கரிம அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் பற்றியிருக்கின்றன. நுண்ணிய நிக்கல் தூளின் முன்னிலையில் சூடான எண்ணெயினுள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், இரட்டைப் பிணைப்பில் ஒரு பிடி தளர்ந்து, அக்கரிமங்கள் ஆளுக்கொரு ஹைட்ரஜனை ஏற்கின்றன. வளைந்து கிடந்த சங்கிலி நிமிர்கிறது. நிமிர்ந்த சங்கிலிகள் நெருங்கி அடுக்குகின்றன. எண்ணெய் உறைந்து வனஸ்பதி ஆகிறது. நிக்கல் தான் செலவாகாமல் வினையை விரைவுபடுத்துகிறது. அதனை வினைவேக மாற்றி என்பர்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. சில மூலக்கூறுகள் நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டி, ஒரு ஹைட்ரஜனை ஏற்று, மற்றொன்று கிடைக்குமுன் ஒன்றை விட்டுவிட்டு எழுந்துவிடுகின்றன. அவற்றின் இரட்டைப் பிணைப்பு மீள்கிறது. ஆனால் பழைய வளைவு மீளாமல் நிமிர்ந்த வடிவத்தில் நின்றுவிடுவதுண்டு. 'டிரான்ஸ் கொழுப்பு' என்று செய்தித்தாள்கள் கூறுவது இதனையே. இது இதய நோய்க்கு வழிகோலுவது என்பதால், எண்ணெயிலும் கொழுப்பிலும் இதன் அளவு நூற்றுக்கு இரண்டு பங்கினை மிஞ்சக் கூடாதென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் விதித்துள்ளது. பாதியில் நின்ற ஒரு சேர்க்கை வினை, சட்டம் இயற்ற வேண்டிய அளவுக்கு நம் உடல்நலத்தைத் தொட்டிருக்கிறது.

எதிலீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து பாலிதீன் ஆவதும் சேர்க்கையே. 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட அப்பொருள், இன்று நம் கடைத்தெரு முழுவதும் பரவிக் கிடக்கிறது.

அடுத்துப் பதிலீடு. மீத்தேனையும் குளோரினையும் இருட்டில் கலந்து வைத்தால் ஒன்றும் நேராது. வெயிலில் வைத்தால் மீத்தேனின் ஒரு ஹைட்ரஜன் விலக, அவ்விடத்தில் குளோரின் அமர்கிறது. விலகிய ஹைட்ரஜன் மற்றொரு குளோரினோடு சேர்ந்து வெளியேறுகிறது. இவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஹைட்ரஜனையும் மாற்றலாம். மூன்று மாறிய நிலையில் கிடைப்பது குளோரோஃபார்ம். எடின்பரோவில் சிம்ப்சன் என்னும் மருத்துவர் 1847இல் மயக்க மருந்தாகப் பயன்படுத்திய அதே பொருள்.

அன்றாடம் நாம் கையாளும் பதிலீட்டு வினை ஒன்றும் உண்டு, அது சோப்பு. எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்துக் காய்ச்சினால், எண்ணெய் மூலக்கூறில் கிளிசரினோடு இருந்த பிணைப்பு அறுகிறது; கிளிசரின் விலகுகிறது; விலகிய அமிலப் பகுதி சோடியத்தோடு சேர்ந்து சோப்பாகிறது.

மூன்றாவது நீக்கம். எதனாலை அடர் கந்தக அமிலத்தோடு ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடேற்றினால், ஒரு கரிமத்திலிருந்து ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதியும், அடுத்த கரிமத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனும் கழன்று நீராக வெளியேறும். கை காலியான இரு கரிமங்களும் ஒன்றையொன்று இரு கைகளாலும் பற்றிக்கொள்ளும். கிடைப்பது எதிலீன். அதே எதனாலையும் அதே அமிலத்தையும் 140 டிகிரி அளவில் நிறுத்தினால் எதிலீன் முக்கியமாக வருவதில்லை. எதனால் மூலக்கூறுகள் இரண்டு நெருங்கி, ஒன்றிலிருந்த தொகுதியை மற்றொன்று பெயர்த்து, ஈதர் உண்டாகிறது, இது பதிலீடு. முப்பது டிகிரி வேற்றுமை வினையின் வகையையே மாற்றிவிட்டது. வெப்பமும் சூழலும் பார்க்காமல் வினையை மட்டும் உருப்போட்டால் மறப்பது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி இடமாற்றம். இதற்கு உதாரணம் முன்னரே சொல்லியாயிற்று. அம்மோனியம் சயனேட்டில் உள்ள அணுக்கள் எவையோ அவையே யூரியாவிலும் உள்ளன. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. இருந்தவை இடம்மாறி நின்றன. தசை சதை ஆகும்பொழுது பொருள் மாறுவதில்லை. இங்கோ பொருளே மாறிவிட்டது.

எங்கே அறுகிறது?

வகைகள் தெரிந்தன. ஒரு மூலக்கூறில் எத்தனையோ பிணைப்புகள் இருக்க, குறிப்பிட்ட ஒன்று மட்டும் அறுவானேன்? இதற்கு விடை எலக்ட்ரான்களிடம் இருக்கிறது.

பிணைப்பு அறுவதும் நம் பக்கத்துப் பாகப்பிரிவினையைப் போன்றதே. இரண்டு எலக்ட்ரான்களையும் பங்காளிகள் ஆளுக்கொன்றாகச் சமமாகப் பிரித்துக்கொள்வது ஒரு விதம். வெயிலில் குளோரின் மூலக்கூறு பிளவுபடுவது இப்படித்தான். ஒருவரே இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவது மற்றொரு விதம். கரிம வினைகளுள் பல இவ்விரண்டாம் விதத்தைச் சேர்ந்தவை.

ஆக்சிஜன் பொதுச் சொத்தைத் தன் பக்கம் இழுக்கும் இயல்புடையது. அதனோடு பிணைந்த கரிமத்துக்கு எலக்ட்ரான் சற்றே குறைகிறது. குறைவுள்ள அவ்விடத்தை நோக்கி, எலக்ட்ரான் மிகுதியாக உள்ள பொருள் ஓடி வருகிறது. அதனைக் கருக்கவர் பொருள் என்பர். எலக்ட்ரான் குறைந்து, மிகுதியைத் தேடுவது எலக்ட்ரான் கவர் பொருள். மேட்டு நீர் பள்ளத்தை நாடுவது போல, மிகுதி குறைவை நாடுகிறது. சோப்புக் காய்ச்சும்பொழுது காரத்தின் எலக்ட்ரான் மிகுந்த தொகுதி, எண்ணெய் மூலக்கூறில் ஆக்சிஜன்கள் இரண்டு பற்றியிருக்கும் கரிமத்தைத் தேடி வருவதும் இதனாலேதான்.

ஆகவே எந்த வினையைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும் என்று நானும் என் மகளும் முடிவு செய்தோம். எந்தப் பிணைப்பு அறுந்தது? எது புதிதாக உண்டாயிற்று? வெளியேறியது எது? இம்மூன்றுக்கும் விடை எழுதி, நூறு வினைகளையும் நான்கு பக்கங்களில் பிரித்து எழுதினாள். சில வினைகள் இரண்டு பக்கத்தில் எழுத வேண்டியவையாக இருந்தன. அதைப் பற்றி அவள் தன் ஆசிரியையிடம் கேட்டு வந்து எனக்கு விளக்கினாள்.

ஒரே வினை, இரு முடிவு

இந்த நான்கு வகைகளுக்குக் குறுக்காக ஓடும் மற்றொரு பிரிவும் உண்டு. ஆக்சிஜன் ஏறுவது அல்லது ஹைட்ரஜன் இறங்குவது ஆக்சிஜனேற்றம். அதன் மறுதலை ஒடுக்கம். பதநீர் புளித்துக் கள்ளாகும்பொழுது அதில் எதனால் உண்டாகிறது. அக்கள் மேலும் நாட்பட்டால் நுண்ணுயிர்களால் ஆக்சிஜனேற்றம் அடைந்து காடியாகிறது. எதனால் முதலில் எதனல் ஆகி, பின்பு எதனாயிக் அமிலம் ஆகிறது.

நம் கல்லீரலும் எதனாலை இதே வழியில் மாற்றுகிறது. இடையில் வரும் எதனல் உடலுக்குக் கெடுதலானது. மதுவின் தீமைகள் சிலவற்றுக்கு அதுவே காரணம். எனினும் முடிவில் வரும் அமிலத்தை உடல் எரித்துவிட வல்லது.

இப்பொழுது எதனாலுக்குப் பதிலாக மெதனாலை வைத்துப் பாருங்கள். வேற்றுமை ஒரு கரிமமும் இரண்டு ஹைட்ரஜனும் மட்டுமே. விகுதி ஒன்றே, ஆகவே கல்லீரல் அதே நொதியைக் கொண்டு அதே வினையைச் செய்கிறது. மெதனால் முதலில் மெதனல் ஆகிறது. பிணம் கெடாதிருக்கப் பயன்படும் ஃபார்மலினில் உள்ளது இதுவே. பின்பு அது மெதனாயிக் அமிலம் ஆகிறது. எறும்புகளிடத்தில் காணப்படும் ஃபார்மிக் அமிலம் என்பது இதன் மற்றொரு பெயர். மனித உடல் இவ்வமிலத்தை விரைந்து அகற்ற வல்லதன்று. அது தேங்கி, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபடி தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படுகிறது. கண் பனிமூட்டம் போல் மங்கும், வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சு இரைக்கும். குடித்த உடனே இவை தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்தே தெரியும். அதற்குள் பாதிப்பு முற்றிவிடும்.

நான் முதலில் சொன்ன எச்சரிக்கைக் குறிப்பு இந்த மெதனாலைப் பற்றியது. வெளி மாநிலம் ஒன்றில் ரசாயனப் பண்டசாலைகளில் வேலை செய்யும் தொழிலாளருக்காகப் பல மொழிகளில் அது தயாராயிற்று. அவர்களுள் தமிழரும் இருந்தமையால் தமிழாக்கம் என்னிடம் வந்தது. 'மெதில் ஆல்கஹால்' என்னும் சொல்லுக்கு நான் பழைய வழக்கைப் பின்பற்றி 'மரச்சாராயம்' என்று எழுதினேன். மரத்தைக் காற்றின்றிச் சுட்டு வடித்து அதனை எடுத்த காலத்துப் பெயர் அது; பொருளளவில் பிழையன்று. அன்றிரவு மகளோடு ஆக்சிஜனேற்றப் பாடத்தைப் படித்தபொழுதுதான் எனக்குத் திடுக்கிட்டது. நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒருவன், பீப்பாயின்மேல் 'சாராயம்' என்னும் சொல்லைக் கண்டால் எதனைப் பொருளாகக் கொள்வான்? மறுநாள் காலை தாளைத் திருப்பி வாங்கி, அச்சொல்லை அடித்துவிட்டு, 'மெதனால். இது சாராயம் அன்று. குடித்தால் கண்ணும் உயிரும் போகும் நஞ்சு' என்று எழுதிக் கொடுத்தேன். அகராதிப்படி அது மூலத்துக்கு நேரான மொழிபெயர்ப்பன்று. ஆயினும் மேலதிகாரி மறுக்கவில்லை.

இது வீண் அச்சமன்று. 2022 ஜூலையில் குஜராத்தின் போடாட் பகுதியில், தொழிற்சாலை மெதனால் கலந்ததைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ மெதனாலை எதனாலிலிருந்து பிரித்தறிய முடியாது. யாரேனும் அத்தகைய கள்ளச்சாராயத்தைக் குடித்துவிட்டதாக ஐயம் எழுந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே அந்த நொதியின் வேலையைத் தடுக்கும் மருந்து உண்டு. வினை நடவாமல் நிறுத்தினால் மெதனால் அமிலமாகாது, மெல்ல வெளியேறிவிடும். தேவையானால் இரத்தத்தையும் சுத்திகரிப்பர். இவை மருத்துவர் செய்ய வேண்டியவை. வீட்டில் கைமருந்து பார்த்து நேரத்தைப் போக்கலாகாது. இச்செய்தியை உங்கள் பகுதியில் கட்டடப் பணியிலும் தொழிற்சாலைப் பணியிலும் இருக்கும் நம்மவர்க்கு அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொல்லுங்கள்.

நேயர்களே, என் மகள் விஞ்ஞானப் பிரிவிலேயே படிக்கிறாள். பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதுகிறாள். தோழியரோடு இந்தியில் விவாதிக்கிறாள். ஐயம் வந்தால் தோன்றலா, திரிதலா, கெடுதலா என்று தமிழில் என்னைக் கேட்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இந்தப் பாடத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தால், அருகில் அமர்ந்து அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அறுந்தது எது, உண்டானது எது, வெளியேறியது எது? விடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பிள்ளை சொல்லும்.